2000 மடங்கு என்று போட்ட நுண்ணோக்கி, 40 மடங்கில் தெரிந்த பாசி

வாங்கலாமா என்று நேரே கேட்டால், தாராளமாக வாங்கலாம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 2000 மடங்கு என்று போட்டிருக்கிறதே, அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒன்றரை வருடமாக இந்த மாணவர் நுண்ணோக்கியை வாரத்துக்கு மூன்று நாலு நாளாவது எடுத்து வைத்துப் பார்க்கிறேன். பார்ப்பது பெரும்பாலும் பாசிதான், அதனால் இதைப் பாசி பார்க்கிற ஒருவர் எழுதிய விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி உடம்பு வேறு வேறு பெயர் ஒட்டி விற்பனைக்கு வருகிறது, நான் சொல்கிற நல்லதும் கெட்டதும் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றால், உலோக உடம்பு, அடியில் எல்இடி விளக்கு, சுழற்றி மாற்றுகிற மூன்று பொருளருகு லென்ஸ்கள் (4, 10, 40), கண்ணருகு லென்ஸ் இரண்டு (10, 25), நடுவில் செருகுவதற்கு ஓர் இரட்டிப்புக் குழல், ஐந்தாறு ஆயத்த ஸ்லைடுகள், கொஞ்சம் வெற்றுக் கண்ணாடி. 40ஐ 25ஆல் பெருக்கி அதை இரட்டித்தால் 2000 வருகிறது. கணக்கு சரி. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பது அது எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. இந்த 40 லென்ஸின் பக்கவாட்டில் 0.65 என்று பொறித்திருக்கிறார்கள், அதுதான் அந்த அளவு. அதை 1000ஆல் பெருக்கினால் 650. ஏறக்குறைய அந்த 650 மடங்கைத் தாண்டிப் பெரிதாக்கினால் படம் பெரிதாகும், புதிதாக ஒரு கோடு கூடத் தெரியாது, மங்கல்தான் மிஞ்சும். 25 கண்ணருகு லென்ஸையும் அந்தக் குழலையும் முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன், இன்று வரை வெளியே எடுக்கவில்லை. 10 கண்ணருகு லென்ஸோடு வருகிற 40, 100, 400 மடங்கு என்ற மூன்று நிலைகளிலேயே எல்லாம் நடக்கிறது.

சரி, ஆயத்த ஸ்லைடுகள். சாயம் ஏற்றிய ஈயின் கால், ஏதோ ஒரு தண்டின் குறுக்குவெட்டு, இப்படி. ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம். பலருடைய நுண்ணோக்கி அந்த மாலையோடு பரணுக்குப் போய்விடுகிறது, எனக்குத் தெரிந்தே மூன்று பேர் வீட்டில் அப்படித்தான் ஆனது. பொருளின் மேல் குற்றமில்லை, அடுத்து எதை வைத்துப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தராததுதான் குறை. கையேட்டில் பாசி என்று ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவுக்கும் உலகத்தில் தேடாமலே கிடைக்கிற, உயிரோடு இருக்கிற, சாயம் ஏற்றத் தேவையில்லாத, தானே நிறத்தோடு வருகிற பொருள் அதுதான்.

எங்கே கிடைக்கும் என்றால், தண்ணீர் கொஞ்ச நாள் நின்ற எந்த இடத்திலும். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, குளத்தின் ஓரம், ஓடைக் கல், ஒழுகுகிற குழாய்க்குக் கீழே இருக்கும் சுவர், மரப்பட்டை, மீன் தொட்டியின் கண்ணாடி. ஒரு விஷயம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பாசி என்று சொல்வதில் சுவரில் மெத்தை மாதிரி வளரும் மாஸும் சேர்ந்துவிடுகிறது. அது குட்டிக் குட்டி இலையோடு இருக்கும் நிலத் தாவரம். இலை, தண்டு, வேர் என்று எதுவும் இல்லாமல் வழவழப்பாகவோ நூல் நூலாகவோ பொடியாகவோ படிந்திருப்பதுதான் நான் சொல்லும் பாசி. அதிலும் எல்லாம் ஒரே குடும்பம் கிடையாது. பச்சைப் பாசி நிலத் தாவரங்களுக்குச் சொந்தக்காரன், பழுப்புக் கடற்பாசியும் டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டு நுண்பாசியும் முற்றிலும் வேறொரு கிளை, நீலப்பச்சைப் பாசியோ உட்கருவே இல்லாத பாக்டீரியா. ஒளியை வைத்து உணவு தயாரிக்கிற வேலைதான் இவர்கள் எல்லோரையும் ஒரே பெயரின் கீழ் உட்கார வைத்திருக்கிறது.

முதல் நாள் நான் வைத்தது குளத்தோரம் மிதந்த பச்சை நூல் கற்றை. விரலால் உருட்டினால் சோப்பு மாதிரி வழுக்கியது. இந்த வழுக்கல் ஒரு நல்ல அடையாளம். அதே போலப் பச்சையாக, நூலாக இருந்து, தொட்டால் நனைந்த பஞ்சு மாதிரி சொரசொரவென்று இருந்தால் அது கிளாடோஃபோரா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், வழுக்கினால் ஸ்பைரோகைராவாக இருக்கலாம். ஒரு நூலை ஊசி முனையால் பிரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி 100 மடங்கில் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் மாதிரி நீள நீளமான அறைகள், ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு பச்சை நாடா சுருள் சுருளாகச் சுற்றி ஏறிப் போகிறது. 400க்கு மாற்றியபோது நாடாவின் மேல் மணி கோத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன, மாவுச்சத்து அவற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. இன்னும் மெதுவாகக் குவியத்தை நகர்த்தினால் அறையின் நடுவில் உட்கரு, மெல்லிய இழைகளால் நாலு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிற்கிறது. நான் அன்று சாப்பிடப் போகவில்லை. 1674ஆம் ஆண்டு, லென்ஸ்களைத் தானே செய்து பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக் ஓர் ஏரித் தண்ணீரைத் தன் ஒற்றை லென்ஸில் பார்த்துவிட்டு, பாம்பு சுற்றியது போலப் பச்சைச் சுருள்கள் இருந்ததாகக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தது இதே ஸ்பைரோகைராதான் என்று கருதுகிறார்கள். அவர் கையில் இருந்தது மணி அளவு லென்ஸ் ஒன்று. நம் மேசையில் இருப்பது அதைவிடப் பார்க்கச் சுலபமான கருவி.

அதே நூல்களை மதிய வெயிலில் ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் கிடந்த கற்றை, மதியம் ஆக்சிஜன் குமிழிகளைச் சுமந்துகொண்டு மேலே வந்து மிதக்கும், இருட்டியதும் திரும்ப இறங்கும். இதற்கு நுண்ணோக்கியே வேண்டாம், ஆனால் பார்த்தபிறகு ஸ்லைடில் தெரிகிற பச்சை நாடாவுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் மேடைக்கு அடியில் இருக்கும் ஒளித்திரை வளையம். அதைப் பற்றிக் கையேட்டில் ஒரே வரி. ஆனால் டயாட்டம் பார்க்க அதுதான் சாவி. ஓடைக் கல்லின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு இருக்குமே, கால் வைத்தால் சறுக்குமே, அதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து ஒரு சொட்டு எடுங்கள். வளையத்தை முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்தால் வெள்ளை வெளிச்சத்தில் ஏதோ மங்கலான பொட்டுகள். துளையைச் சின்னதாக்கிக்கொண்டே வாருங்கள், ஓரங்கள் கறுத்து, படகு படகாக வடிவங்கள் எழுந்து வரும். அப்புறம் அவை நகர்கின்றன என்பது தெரியும். துடுப்பு இல்லை, வால் இல்லை, ஒரு படகு நேராகச் சறுக்கிப் போகிறது, எதிலோ முட்டுகிறது, நிற்கிறது, திரும்பாமலே பின்பக்கமாக வருகிறது. ஒவ்வொன்றும் கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழ்கிறது, ஓடு டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதி. செத்தாலும் ஓடு அழியாது. சகாரா ஓரத்தில் சாட் நாட்டில் இருக்கும் பொடேலே பள்ளம் ஒரு காலத்தில் பெரும் ஏரியின் அடி, இன்று அங்கே காற்று வாரிக்கொண்டு போவது பழைய டயாட்டம் ஓடுகளின் தூசி, அந்தத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் வரை போய் விழுகிறது. 1867இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினை ஊறவைத்து டைனமைட் செய்ததும் இதே ஓட்டு மண்ணில்தான். அந்த ஓட்டின் மேலுள்ள வரிகளை இந்தக் கருவியில் பெரிய டயாட்டங்களில் மட்டும் பார்க்க முடிகிறது, சின்னவற்றில் முடியவில்லை. அதற்கு எண்ணெய் வைத்துப் பார்க்கிற 100 லென்ஸ் வேண்டும், இதில் அது கிடையாது.

தண்ணீரிலிருந்து வெளியே வருவோம். மரத்தின் நிழல் பக்கத்தில், ஈரக்காற்று படும் பட்டையில், செங்காவி பூசினாற்போல ஆரஞ்சு நிறத் திட்டுகள் பார்த்திருப்பீர்கள். துரு என்றோ பூஞ்சை என்றோ நினைத்துக் கடந்து போயிருப்போம், நானும் அப்படித்தான் பல வருடம் போயிருக்கிறேன். அது டிரென்டபோலியா, முறைப்படி பச்சைப் பாசி வகுப்பைச் சேர்ந்தது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டி 400இல் வைத்தால், பீப்பாய் பீப்பாயாக அடுக்கிய அறைகள் கிளை விட்டுப் போகின்றன, அறை முழுக்க ஆரஞ்சு எண்ணெய்த் துளிகள். கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டின் வகைதான் அந்தத் துளிகளில் இருப்பது, சுள்ளென்ற வெளிச்சத்திலிருந்து பச்சையத்தைக் காக்கிற திரை அது. நிறைய உள்ளே சேர்ந்துவிடுவதால் பச்சை வெளியே தெரிவதே இல்லை. இதே உத்தியைப் பாசிகள் உலகம் முழுக்கக் கையாள்கின்றன. உயர்ந்த மலைகளில் கோடையில் பனியின் மேல் ரத்தம் தெளித்தது போலச் சிவப்பு படர்வதும் பச்சைப் பாசியின் உறவுதான், அங்கே நிறம் தருவது அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி. உப்பளங்களும் உப்பு ஏரிகளும் இளஞ்சிவப்பாவதில் டுனாலியெல்லா என்ற பாசிக்குப் பங்கு உண்டு, கடலைவிடப் பல மடங்கு உப்பான நீரில் அது உயிரோடு நீந்துகிறது.

மரப்பட்டையிலேயே சாம்பல் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைக்கனையும் ஒரு துணுக்கு நசுக்கிப் பாருங்கள். நிறமில்லாத பூஞ்சை இழைகள், நடுவே பச்சை உருண்டைகள். இரண்டு உயிர்கள் ஒரே உடம்பில் குடியிருப்பது கண்ணெதிரே தெரியும். இப்படிப் பிறர் உடம்பில் குடியிருக்கும் பாசி நிறைய. பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்கு உணவு தருவது பாசிதான், தண்ணீர் சூடாகி அது வெளியேறும்போது பவளம் வெளுத்துப்போகிறது. ஸ்லாத் என்ற மரந்தொங்கி விலங்கின் மயிருக்குள் ஒரு பச்சைப் பாசி வளர்கிறது. பல்லி போலிருக்கும் புள்ளிச் சாலமாண்டரின் முட்டைக்குள்ளே இன்னொன்று.

அடுத்து, கவனமாக இருக்க வேண்டிய இடம். நீலம் கலந்த கரும்பச்சையில், வெல்வெட் மாதிரி ஈர மண்ணில் படிந்து, மழைக்குப் பிந்தைய மண் வாசனை தூக்கலாக வீசினால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை இவற்றில் பல தயாரிக்கின்றன. 400இல் இந்த வகையைச் சேர்ந்த ஆசிலட்டோரியா நூல்கள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு மெதுவாக ஆடுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒரு குளமே பச்சை பெயின்ட் கொட்டினது போலத் திரண்டு கிடந்தால் அங்கே கை வைக்காதீர்கள், நாயையும் அண்ட விடாதீர்கள். மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும், தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1878லேயே ஆஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இப்படித் திரண்ட நீரைக் குடித்த கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். கையுறை, மூடி போட்ட குப்பி, முடிந்ததும் சோப்பு. இதில் சோம்பல் வேண்டாம்.

இந்தக் கருவியால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். கடல் நீரை அப்படியே ஒரு சொட்டு வைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய எழுதுகிறார்கள், ஒன்றுமே இல்லை, கருவி சரியில்லை என்று. கருவி சரியாகத்தான் இருக்கிறது. திறந்த கடலில் பாசிகள் பரவலாகச் சிதறிக் கிடக்கின்றன, மெல்லிய வலையால் வடித்துச் சேர்த்தால்தான் ஸ்லைடில் தட்டுப்படும். அதிலும் மிகச் சின்னவை வலையிலும் தங்காது. பூமியிலேயே எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர் என்று கருதப்படும் புரோகுளோரோகாக்கஸ் சுமார் 0.6 மைக்ரோமீட்டர்தான். 1986இல் கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களோடு இருந்தவர்களும் கப்பலில் லேசர் வைத்துச் செல்களை எண்ணும் கருவியைக் கொண்டுபோனபோதுதான் அது இருப்பதே தெரியவந்தது. இந்த 40 லென்ஸின் எல்லை ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர், அதனால் அதிகபட்சம் ஒரு புள்ளி, அதுவும் சந்தேகப் புள்ளி. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்வது கடலில் மிதக்கும் இந்த மாதிரி நுண்ணுயிர்கள். அந்தப் பாதியில் ஒரு நல்ல பங்கை வீட்டு மேசையில் பார்க்க முடியாது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் பாறையில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு போல ஒட்டியிருக்கும் செம்பாசியைப் பார்த்துவிட்டு வாருங்கள், எடுக்க வேண்டாம், பாறையைவிட்டு வராது. அந்த வகையைச் சேர்ந்த ஒன்றை 1984இல் பஹாமாஸ் கடலில் நீர்மூழ்கியில் போனவர்கள் 268 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். அங்கே எட்டும் வெளிச்சம், மேற்பரப்பில் விழுவதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு போலத்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு பாசி வாழ்கிறது.

இனி கருவியின் குறைகள், நேரடியாக. பெரிய குவியத் திருகு கொஞ்சம் தளர்வு, 400இல் ஐந்து நிமிடம் பார்த்தால் மேடை தானே மயிரிழை இறங்கிப் படம் மங்கும், விரல் எப்போதும் சின்னத் திருகில் இருக்க வேண்டியிருக்கிறது. திருகைத் தலைகீழாகச் சுற்றினால் 40 லென்ஸ் நேராகக் கண்ணாடியில் போய் இடிக்கும், தடுப்பு எதுவும் இல்லை. அதனால் முதலில் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே லென்ஸை ஸ்லைடுக்கு அருகே கொண்டுபோய், அப்புறம் கண் வைத்து விலக்கிக்கொண்டே குவியப்படுத்துங்கள். ஸ்லைடைப் பிடிக்கும் இரண்டு கவ்விகளும் வெறும் தகடு, நகரும் உயிரைத் துரத்த ஸ்லைடைக் கையால்தான் தள்ள வேண்டும், அதுவும் படம் தலைகீழாகத் தெரிவதால் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும், பழக ஒரு வாரம் ஆகும். எனக்கு வந்த முதல் கருவியில் எல்இடி விட்டு விட்டு எரிந்தது, விற்றவர்களிடம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன், கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள், அதற்கு எட்டு நாள் ஆனது. போனை மாட்டுவதற்குத் தந்த பிளாஸ்டிக் பிடி உதவாது, ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுகிறது. அதை விட்டுவிட்டு போனைக் கையாலேயே கண்ணருகு லென்ஸில் ஒட்டிப் பிடித்தால் படம் நன்றாகவே வருகிறது. எல்இடி சூடாவதில்லை என்பது பெரிய நன்மை, சொட்டு சீக்கிரம் காயாது, உள்ளே இருப்பவர்களும் சாக மாட்டார்கள்.

கடைசியாக வால்வாக்ஸ், பந்து வடிவில் கூட்டமாக வாழும் பச்சைப் பாசி. பதினோரு மாதம் தேடினேன். ஒரு கோடைக் காலையில், வெயில் பட்டுத் தெளிந்திருந்த குட்டையிலிருந்து எடுத்த குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, ஊசி முனை அளவுப் பச்சைப் புள்ளிகள் உருண்டுகொண்டிருந்தன, வெறும் கண்ணுக்கே தெரிந்தன. முதல் சொட்டில் கவர் ஸ்லிப் வைத்ததுமே நசுங்கிப் போயின. இரண்டாவதில் கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு பொட்டு வைத்துத் தூக்கி நிறுத்தி, மூன்று லென்ஸில் ஆகச் சின்னதான 4ஐத் திருப்பினேன். வட்டத்துக்குள் கண்ணாடிப் பந்து ஒன்று உருண்டு வந்தது. ஆயிரக்கணக்கான செல்கள் பச்சைப் புள்ளிகளாக மேலே பதிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்டை மயிர், அத்தனையும் சேர்ந்து துடித்துத்தான் அந்த உருளல். பந்துக்குள்ளே ஏழு சின்னப் பந்துகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் கிழிந்தது. ஒரு குட்டிப் பந்து அந்த வாயில் வந்து சற்று நேரம் அடைத்துக்கொண்டு நின்றது, பிறகு தானே சுழன்றபடி வெளியே வந்து வட்டத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தது. 40 மடங்கில்தான் அதைப் பார்த்தேன்.